தட்டச்சரின் முதலாமாண்டு உளவியல்

இருபத்தோரு ஆண்டுகளாகப் பிறருடைய நினைவுகளைத் தட்டச்சு செய்து சம்பளம் வாங்குகிறேன். தென்மாவட்டம் ஒன்றின் நீதிமன்றத்தில், நீதிபதியின் மேடைக்குக் கீழே, சாட்சிக் கூண்டிலிருந்து மூன்றடி தள்ளி என் மேசை இருக்கிறது. வழக்கறிஞர் கேட்பார், சாட்சி தனக்குத் தெரிந்த பேச்சில் பதில் சொல்வார், நீதிபதி அதை ஒழுங்கான வாக்கியமாக்கிச் சொல்வார், நான் அடிப்பேன். கடைசியில் ‘படிக்கக் கேட்டுச் சரியென ஒப்புக்கொண்டார்’ என்ற வரியைச் சேர்த்துச் சாட்சியிடம் கையெழுத்தோ கைரேகையோ வாங்கியதும், ஒரு மனிதரின் ஞாபகம் வழக்குக் கட்டில் சேர்ந்துவிடும்.

என் 43ஆவது வயதில், தொலைநிலைக் கல்வியில் இளநிலை உளவியல் சேர்ந்தேன். அலுவலகத்தில் செய்தி பரவியபோது எங்கள் பெஞ்ச் கிளார்க் கேட்ட முதல் கேள்வி, “இனிமே சாட்சி பொய் சொல்றானா நெசம் சொல்றானான்னு மூஞ்சியப் பாத்தே சொல்லிருவீங்களாக்கும், மேடம்?” என்பதுதான். நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அதே ஆசைதான் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இத்தனை ஆண்டுகள் கூண்டுக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்தவளுக்கு, அங்கே நிற்பவர்களின் மனத்துக்குள் நுழைய ஒரு சாவி கிடைக்காதா என்ற ஆசை இருப்பது இயல்புதானே.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரையில் தொடர்பு வகுப்பு நடக்கும். விடியலில் பேருந்து ஏறினால் திருமங்கலம் தாண்டும்போது வெளிச்சம் வந்துவிடும். வகுப்பில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு வந்த பெண்கள் சிலர் இருந்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் வாழ்க்கையில் பாதி வழி வந்தவர்கள். ஓர் அரசு மருத்துவமனைச் செவிலியர், விடுதிக் காப்பாளராக இருக்கும் கன்னியாஸ்திரி ஒருவர், பதவி உயர்வுக்குப் பட்டம் தேவைப்பட்ட கூட்டுறவுச் சங்க ஊழியர், பிறகு ஒரு தலைமைக் காவலர். அந்தக் காவலரை முதல் நாளே எல்லாரும் ‘ஏட்டையா’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஓய்வு பெற மூன்று ஆண்டுகள் இருந்தன அவருக்கு. நீதிமன்றத்தில் வேலை பார்ப்பவள் என்று தெரிந்ததும் என் பக்கத்து இருக்கையில் வந்து அமர்ந்தார். எங்கள் தொழிலில் ஒருவரையொருவர் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்வோம்.

முதல் பாடம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பிராய்டு வருவார், கனவு வரும் என்று காத்திருந்த எங்களிடம், 1879இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வுக்கூடம் நிறுவிய கதையைத்தான் ஆசிரியை முதலில் சொன்னார். ஒலி கேட்ட கணத்துக்கும் விரல் விசையை அழுத்தும் கணத்துக்கும் இடையிலுள்ள நொடியின் பகுதியை அளப்பதில் தொடங்கியதாம் இந்த அறிவியல். இந்தியாவில் 1916இல் கல்கத்தாவிலும் 1924இல் மைசூரிலும் உளவியல் துறைகள் தொடங்கின என்பது பாடப்புத்தகத்தில் ஒரே பத்தியில் முடிந்துபோயிற்று. மைசூர்த் துறையைத் தொடங்கிய பேராசிரியர் கோபாலசுவாமி 1935இல் தன் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையத்தை அமைத்து அதற்கு ‘ஆகாசவாணி’ என்று பெயர் வைத்தவர் என்பதை ஆசிரியை போகிற போக்கில் சொன்னார். தேர்வுக்கு வராத அந்தச் செய்திதான் அன்றைய வகுப்பில் எனக்கு நினைவில் நின்றது.

பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. தேர்வைத் தமிழிலும் எழுதலாம். பி.எட். மாணவர்களுக்காக எழுதப்பட்ட கல்வி உளவியல் நூல்களைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஸ்டிமுலஸ் என்பது தூண்டல், ரெஸ்பான்ஸ் என்பது துலங்கல், பெர்செப்ஷன் என்பது புலன்காட்சி, இன்ட்ராஸ்பெக்ஷன் என்பது அகநோக்கு. ‘துலங்கல்’ என்ற சொல்லை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பாத்திரம் துலக்குகிற வீட்டு வினைச்சொல்லின் உறவுக்காரச் சொல் ஆய்வுக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருந்தது. ஒரு தூண்டலுக்குப் பழகிய உடல் யோசிக்காமலே துலங்குவதான கண்டிஷனிங் என்பதற்கு ‘ஆக்கநிலையுறுத்தம்’ என்று இருந்ததைக் கண்டு இளம்பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பாவ்லோவின் நாய் எதற்கு எச்சில் ஊறியது என்று பக்கம் பக்கமாகப் படிப்பதற்கு முன்பே, பத்தரை மணிக்கு நீதிமன்ற ஊழியரான டவாலியின் குரல் எழும்பும்போது நான் யோசிக்காமலே எழுந்து நிற்கிறேன் என்பதும், விடுமுறை நாளில் தெருவில் யாரோ உரக்கக் கூப்பிட்டால்கூட என் கால்கள் தரையில் ஊன்றுகின்றன என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பாடத்துக்கு அதற்குமேல் நான் உழைக்கவில்லை.

செய்முறை வகுப்புதான் என்னை முதன்முதலில் உலுக்கியது. கண்ணாடி வரைதல் என்று ஒரு பயிற்சி உண்டு. இந்தியாவில் உளவியல் படித்த எவரும் அதிலிருந்து தப்பியிருக்க மாட்டார்கள். இரட்டைக் கோட்டால் ஆன ஒரு நட்சத்திரம் பலகையில் இருக்கும். அது நேரடியாகத் தெரியாதபடி ஒரு தடுப்பு இருக்கும்; எதிரே நிற்கும் கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு, அந்த இரு கோடுகளுக்கும் இடையே விளிம்பைத் தொடாமல் எழுதுகோலை ஓட்டிச் சுற்றி வர வேண்டும். ஒருவர் சோதனையாளர், மற்றவர் ‘சப்ஜெக்ட்’. ஏட்டையா ஸ்டாப் கிளாக்கைப் பிடித்துக்கொள்ள, நான் பலகை முன் உட்கார்ந்தேன். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று சான்றிதழ் வைத்திருக்கும் என் கை முதல் முனையிலேயே நின்றுவிட்டது. மேலே போக நினைத்தால் கீழே போயிற்று. சரிசெய்ய முனைந்தால் இன்னும் விலகியது. வியர்த்துவிட்டது. ஏட்டையா கடிகாரத்தைப் பார்த்தபடி, “மெதுவா, மேடம், மெதுவா. குத்தவாளி மாதிரி ஏன் முழிக்கிறீங்க” என்றார். முதல் சுற்றுக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனது. பத்தாவது சுற்றை ஒரு நிமிடத்துக்குள் முடித்தேன். எப்படி முடிந்தது என்று ரெக்கார்டு நோட்டில் ‘அகநோக்கு அறிக்கை’ எழுதச் சொன்னபோதுதான் சிக்கிக்கொண்டேன். கை கற்றுக்கொண்டிருந்தது, ஆனால் கற்ற வழியை எனக்குச் சொல்லவில்லை.

அந்த நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்க இளைஞருக்கு வலிப்பு நோய் கட்டுக்கடங்காமல் போனதால், 1953இல், அவருடைய 27ஆவது வயதில், மூளையின் இருபக்கப் பொட்டுப் பகுதியின் உள்புறத்தை ஓர் அறுவை மருத்துவர் அகற்றினார். வலிப்பு பெருமளவு குறைந்தது. ஆனால் அதன்பின் எதையும் புதிதாக நினைவில் வைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் அறையை விட்டுப் போய்த் திரும்பி வந்தால் அவருக்குப் புது ஆள். பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரிடம் இதே கண்ணாடி நட்சத்திரத்தை மூன்று நாட்கள் கொடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் மொலேசன், இப்படி ஒன்றைத் தான் முன்பு செய்ததே இல்லை என்றுதான் நினைத்தார். ஆனால் கை மட்டும் நாளுக்கு நாள் தேர்ந்துகொண்டே வந்தது. 2008இல் அவர் இறக்கும்வரை உலகத்துக்கு அவர் ‘எச்.எம்.’ என்ற இரண்டு எழுத்துகளாக மட்டுமே அறிமுகமாகியிருந்தார். நினைவு என்பது ஒற்றைப் பெட்டி அல்ல, அதில் ஒன்றையொன்று அறியாத அறைகள் உண்டு என்று ஆசிரியை சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றுவரை நினைவு என்றால் எனக்கு வழக்குக் கட்டுதான்: தேடி எடுத்தால் போட்டபடியே இருக்கும், தாள் மஞ்சளாகலாம், எழுத்து மாறாது.

அந்த எண்ணத்தை மறதிப் பாடம் இன்னும் கொஞ்சம் அரித்தது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885இல் வெளியிட்ட ஆய்வில், சோதனையாளரும் அவரே, சோதனைக்கு உட்பட்டவரும் அவரே. பொருளற்ற அசைகளை வரிசையாக எழுதி, பிழையில்லாமல் சொல்லும்வரை மனனம் செய்து, ஓர் இடைவெளிக்குப் பிறகு அதே வரிசையைத் திரும்பக் கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். இருபது நிமிடம் கழித்து ஏறத்தாழ 58 விழுக்காடு மிச்சம். ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. முப்பத்தோரு நாளில் 21. முதல் மணி நேரத்தில் செங்குத்தாக விழும் அந்தக் கோடு, அதன்பின் தரையைத் தொடாமல் தவழ்ந்துகொண்டே போகிறது. பேருந்தில் திரும்பும்போது நான் மனக்கணக்குப் போட்டேன். எங்கள் கூண்டில் ஏறும் சாட்சி பெரும்பாலும் சம்பவம் நடந்து மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்து வருகிறார். பொழுது சாயும் நேரமா, விளக்கு வைத்த நேரமா, அரிவாளை எந்தக் கையில் வைத்திருந்தான் என்றெல்லாம் அவரைக் கேட்கிறோம். அடுத்த வாரம் இதை வகுப்பில் சொன்னபோது ஆசிரியை என்னைத் தடுத்தார். பொருளற்ற அசையும் கண்முன் நடந்த வெட்டும் ஒன்றல்ல, எபிங்ஹாஸின் எண்களை எடுத்துக்கொண்டு சாட்சியின் ஞாபகத்தை அளக்கக் கூடாது என்றார். அது சரிதான். ஆனாலும் அவர் அடுத்து நடத்திய பாடம் என்னை எபிங்ஹாஸை விட அதிகமாகத் துரத்தியது.

1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற இருவர் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படத்துண்டுகளைத் திரையிட்டுவிட்டு, கார்கள் ஒன்றோடொன்று பட்டபோது என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் கேள்வியில் ஒரே ஒரு வினைச்சொல் மட்டும் வேறு. கார்கள் ‘தொட்டுக்கொண்டபோது’ என்ற பொருளில் கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு ஏறத்தாழ 32 மைல் என்றார்கள். ‘நொறுங்க மோதியபோது’ என்ற பொருளில் கேட்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 41 மைல் என்றார்கள். இதோடு நின்றிருந்தால், கேள்வியின் சாயலுக்கு ஏற்ப மனிதர்கள் ஊகிக்கிறார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இரண்டாவது சோதனையில், படம் பார்த்து ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடி கிடையாது. ‘நொறுங்க மோதிய’ கேள்வியைப் பெற்றிருந்த ஐம்பது பேரில் பதினாறு பேர் ‘பார்த்தேன்’ என்றார்கள். மென்மையான சொல்லைப் பெற்றிருந்த ஐம்பது பேரில் ஏழு பேர். வேகத்தைப் பற்றி எதுவுமே கேட்கப்படாத ஐம்பது பேரில் ஆறு பேர்.

ஏட்டையா கையைத் தூக்கினார். “மேடம், இதுக்கு எதுக்குப் படம் போட்டுக் காட்டணும்? ஸ்டேசன்ல ஒரு மாசம் உக்காந்தா தெரிஞ்சிருமே” என்றார். வகுப்பு சிரித்தது. ஆனால் அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. தமிழில் ஒரு வண்டி இன்னொன்றின்மேல் படுவதற்கு எத்தனை சொற்கள் என்று அவரே விரல்விட்டு எண்ணினார்: உரசிட்டுப் போனான், தட்டிட்டான், இடிச்சுட்டான், மோதிட்டான், அடிச்சுத் தூக்கிட்டான். சாட்சி எந்தச் சொல்லோடு நிலையத்துக்கு வந்தாலும், எழுத்தர் கைக்குப் போனதும் எல்லாம் ஒரே சொற்றொடராகிவிடும். அந்தச் சொற்றொடரை அவர் சொல்ல ஆரம்பிக்க, நான் முடித்தேன்: ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதில்.’ அமர்வு நீதிமன்றத்துக்கு மாறி வருவதற்கு முன் ஆறு ஆண்டுகள் விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடக்கும் நீதிமன்றத்தில் இருந்தவள் நான். இந்த வரியை எத்தனை ஆயிரம் முறை அடித்திருப்பேன் என்று தெரியாது. சாலையில் எதிரே பால் கேனோடு நின்றவர், திண்ணையில் உட்கார்ந்திருந்த கிழவர், பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த சிறுமி, எல்லாருடைய ஞாபகத்திலும் வண்டிகள் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவுமே வந்தன. சட்டப்பிரிவுக்குத் தேவையான சொற்கள் அவை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்தச் சொற்களை வாசித்துக் காட்டக் கேட்டபின் அந்தச் சிறுமி எந்த வேகத்தை நினைவில் வைத்திருப்பாள் என்பதுதான் எங்களுக்குத் தோன்றாதது.

சட்டம் இதை அறியாததல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், கேட்பவர் விரும்புகிற பதிலைக் குறிப்பால் உணர்த்தும் கேள்விக்குத் தனி இலக்கணமே வகுத்து, எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், சாட்சியை அழைத்த தரப்பே கேட்கும் முதல் விசாரணையில் அதை நீதிமன்ற அனுமதியின்றிக் கேட்கக் கூடாது என்றது. எதிர்த்தரப்பு கேட்கும் குறுக்கு விசாரணையில் கேட்கலாம் என்றது. லாஃப்டஸுக்கு நூறாண்டுகளுக்கு முந்தைய ஏற்பாடு இது. ஆனால் சட்டம் கவலைப்பட்டது சாட்சியின் வாயில் வந்து விழும் பதிலைப் பற்றி. கேள்வி வாயோடு நிற்காமல் உள்ளே போய் நினைவின் ஒரு பகுதியாகவே படிந்துவிடும் என்றால், நீதிமன்றத்தில் ஆட்சேபம் தெரிவிக்கும்போது காலம் கடந்துவிட்டிருக்கும். சம்பவம் நடந்த அன்று கூடிய கூட்டம், மருத்துவமனை வாசல், காவல் நிலையம், தேநீர்க் கடை, சம்மன் வந்த அன்று வீட்டில் நடந்த ஒத்திகை என்று எத்தனையோ பேர் எத்தனையோ சொற்களால் கேட்டு முடித்தபின்தான் சாட்சி எங்கள் முன் நிற்கிறார்.

வுண்டின் மாணவர் ஒருவர் இதை வெகுகாலம் முன்பே தன்மீதே கண்டுபிடித்திருக்கிறார் என்று அறிந்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க் ஹார்வர்டில் பேராசிரியர். சாட்சிகளின் நம்பகத்தன்மையைப் பற்றி 1908இல் வெளியிட்ட நூலில், தன் வீட்டில் திருட்டுப் போனபோது தான் சாட்சி சொன்ன கதையை எழுதியிருக்கிறார். நிலவறைச் சன்னல் வழியாகத் திருடர்கள் நுழைந்தார்கள் என்று அவர் பிரமாணத்தின் பேரில் சொன்னார். உண்மையில் அவர்கள் நிலவறைக் கதவைத்தான் உடைத்திருந்தார்கள். கடிகாரத்தைத் தாளில் சுற்றி வைத்திருந்தார்கள் என்றார். அது மேசை விரிப்பு. உளவியல் பேராசிரியர், பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லாதவர், தன் சொந்த வீட்டைப் பற்றி, தன் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார். ஏட்டையாவுக்கு இந்தக் கதை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. “அப்ப நாங்க யாரத்தான் நம்புறது?” என்றார். ஆசிரியை பதில் சொல்வதற்குள் தேநீர் இடைவேளை வந்துவிட்டது.

ஆனால் லாஃப்டஸைப் படித்த வாரத்தில் என்னை உறங்கவிடாமல் செய்தது வேறொன்று, அது என் மேசையிலேயே இருந்தது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 276ஆவது பிரிவு, அமர்வு நீதிமன்ற விசாரணையில் சாட்சியத்தை வழக்கமாக எடுத்துரைப்பு வடிவில் பதிய வேண்டும் என்றது. தேவையென்று கருதினால் எந்தப் பகுதியையும் கேள்வி பதிலாகப் பதிய நீதிபதிக்கு விருப்புரிமை உண்டு. 2024 ஜூலை முதல் புதிய சட்டம் வந்துவிட்டது. நான் அடிக்கும் தாளின் வடிவம் மாறவில்லை. எடுத்துரைப்பு வடிவம் என்றால், சாட்சி தானாகவே எல்லாவற்றையும் கோவையாகச் சொன்னதுபோல இருக்கும். ‘நான் அன்று மாலை கடையில் இருந்தேன். எதிரி வந்தார். அவர் கையில் அரிவாள் இருந்தது.’ (எங்கள் தாளில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்.) இந்த மூன்று வாக்கியங்களுக்கும் பின்னால் மூன்று கேள்விகள் இருந்தன. கையில் ஏதாவது இருந்ததா என்று கேட்டார்களா, என்ன இருந்தது என்று கேட்டார்களா, அரிவாள் இருந்ததா என்று கேட்டார்களா? தாளைப் பார்த்தால் தெரியாது. லாஃப்டஸ் எந்த ஒரு சொல்லை மாற்றி மாற்றிப் பார்த்தாரோ, அந்தச் சொல்லை நாங்கள் துடைத்துவிட்டுப் பதிலை மட்டும் கட்டி வைக்கிறோம். மேல்முறையீட்டில் உட்கார்ந்து படிக்கும் நீதிபதிக்குக் கிடைப்பது அந்தக் கட்டு.

குறுக்கு விசாரணையில் மட்டும் கேள்வியின் தழும்பு கொஞ்சம் தெரியும். ‘சம்பவ இடத்தில் நான் இல்லவே இல்லை என்று சொன்னால் சரியல்ல.’ ‘எதிரிக்கும் எனக்கும் வரப்புத் தகராறு இருந்தது என்றால் சரிதான்.’ வெளியாருக்கு விசித்திரமாகப் படும் இந்த வாக்கிய அமைப்பில், ‘என்றால்’ என்பதற்கு முன்னால் இருப்பது முழுவதும் வழக்கறிஞருடைய சொற்கள். சாட்சி சொன்னது ‘சரிதான்’ என்ற ஒரே சொல், அல்லது வெறும் தலையசைப்பு. இருபத்தோரு ஆண்டுகளாக இந்த அமைப்பை இலக்கணப் பிழையில்லாமல் அடித்திருக்கிறேன். இது யாருடைய வாக்கியம் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

பாடப்புத்தகமும் ஒரு சாட்சிதான் என்பது இரண்டாம் பருவத்தில் தெரிந்தது. சமூக உளவியல் பாடத்தில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண்ணின் கொலை வருகிறது: 1964 மார்ச்சில், நியூயார்க்கில், 38 பேர் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர்கூடக் காவல்துறையை அழைக்கவில்லை என்று எங்கள் புத்தகம் சொல்லியது. 38 சாட்சிகள் என்றதும் எனக்கு எரிச்சல் வந்தது. இரண்டு கண்கண்ட சாட்சிகளைக் கூண்டுக்குக் கொண்டுவர எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். ஆசிரியையிடம் கேட்டேன். அந்த எண்ணிக்கை அன்றைய செய்தித்தாள் எழுதியது என்றும், ஆவணங்களைத் திரும்ப ஆராய்ந்த மூன்று உளவியலாளர்கள் 38 பேரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள் என்பதற்கு ஆதாரமில்லை என்று 2007இல் எழுதினார்கள் என்றும், அந்தச் செய்தித்தாளே பின்னாளில் தன் செய்தியில் குறை இருந்ததை ஒப்புக்கொண்டது என்றும் சொன்னார். அப்படியானால் பாடமே பொய்யா என்றால், அதுவும் இல்லை. அந்தச் செய்தியால் தூண்டப்பட்டு டார்லியும் லட்டானேயும் 1968இல் வெளியிட்ட சோதனையில், பக்கத்து அறையில் ஒருவர் வலிப்பால் தவிப்பதைத் தான் மட்டும் கேட்பதாக நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் அவர் பேச்சு அடங்குவதற்குள் உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 விழுக்காட்டினர். கதை தவறு, சோதனை நின்றது. புத்தகத்தில் தவறான கதை பெரிய எழுத்திலும் சோதனை சிறிய எழுத்திலும் இருந்தன.

அதே மூச்சில் அவர் இன்னொன்றையும் சொன்னார். உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளை ஒரு பெரிய ஆய்வாளர் கூட்டம் திரும்பச் செய்து 2015இல் முடிவை வெளியிட்டபோது, மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க விளைவைக் காட்டியிருக்க, திரும்பச் செய்தவற்றில் 36 விழுக்காடுதான் காட்டியது. இளம்பெண்களில் ஒருத்தி என்னிடம், “அப்ப நாம எதுக்குக்கா இதப் படிக்கிறோம்?” என்று கிசுகிசுத்தாள். எனக்கு மாறாக மரியாதை கூடியது. தன்மீதே குறுக்கு விசாரணை நடத்தி, வந்த பதிலைத் தானே பதிந்துகொள்ளும் துறைகள் அதிகம் இல்லை.

பெஞ்ச் கிளார்க்கின் கேள்விக்கும் அந்தப் பருவத்தில் விடை கிடைத்தது. பொய்யையும் மெய்யையும் கேட்டுப் பிரித்தறியச் சொன்ன நூற்றுக்கணக்கான ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டி 2006இல் வெளியான கணக்கின்படி, மனிதர்களின் தீர்ப்பு நூற்றுக்கு 54 முறைதான் சரியாக இருக்கிறது. காசைச் சுண்டினால் 50. அவரிடம் இதைச் சொன்னேன். “நாலு பெர்சன்ட்டுக்காகவா ஞாயித்துக்கிழமையெல்லாம் மதுரைக்கு அலையுறீங்க?” என்றார்.

தேர்வு முடிந்தது; செய்முறைத் தேர்வில் வெளித் தேர்வாளர் என்னைக் கண்ணாடி வரைதல் பற்றியே கேட்டார்; நல்ல மதிப்பெண். இரண்டாம் ஆண்டுப் புத்தகங்கள் வந்து சேர்ந்த மாதத்தில், நீதிமன்றத்தில் முடிந்துபோன பழைய வழக்குக் கட்டுகளை ஸ்கேன் செய்யும் பணி நடந்தது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நானே அடித்த சாட்சியம் ஒன்று கைக்கு வந்தது. அந்த வழக்கை நான் வீட்டிலும் உறவினரிடமும் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன்: கொலை வழக்கில் ஒரு மூதாட்டி அரசுத் தரப்புச் சாட்சி, யாரைப் பார்த்தீர்கள் என்று கேட்டதும் எதிரியை வெகுநேரம் பார்த்துவிட்டு, “அந்தப் புள்ளயப் பால்குடியிலருந்தே எனக்குத் தெரியும்யா” என்று சொல்லி அழுதார். நீதிமன்றமே அமைதியாகிவிட்டது. என் கதையில் அதுதான் உச்சம். அந்தக் குரலை இப்போதும் என்னால் கேட்க முடிகிறது.

தாளில், முதல் விசாரணைப் பகுதியில் அப்படி ஒரு வரி இல்லை. மூன்றாம் பக்கத்தில், குறுக்கு விசாரணையில் இருந்தது: ‘எதிரியைக் கைக்குழந்தைப் பருவம் முதலே எனக்குத் தெரியும் என்றால் சரிதான்.’ அப்படியென்றால் சொல் எதிரித் தரப்பு வழக்கறிஞருடையது. மூதாட்டி சொன்னது ‘சரிதான்’. அல்லது அவர் கேட்டதற்குத் தன் சொல்லில் நீளமாகப் பதில் சொல்லி, அது இந்த வாக்கியமாகச் சுருங்கியிருக்கலாம். அழுதாரா என்பதும் தாளில் இல்லை. அன்று அந்தக் கேள்வியைக் கேட்டவரும் பதில் சொன்னவரும் இப்போது இல்லை. அந்த அறையில் இருந்தவர்களில் இன்னும் அதே மேசையில் உட்கார்ந்திருப்பவள் நான் ஒருத்திதான். என் சாட்சியத்தின் மதிப்பு என்ன என்று ஓர் ஆண்டு முழுவதும் கட்டணம் கட்டிப் படித்திருக்கிறேன். தாளை ஸ்கேன் செய்து கட்டில் சேர்த்தேன்.

சில வாரங்களுக்குப் பிறகு, ஒரு விசாரணையில், இளம் வழக்கறிஞர் ஒருவர் எழுந்து, குறிப்பிட்ட ஒரு கேள்வியையும் பதிலையும் அப்படியே கேள்வி பதிலாகப் பதியுமாறு வேண்டினார். நீதிபதி ஒரு கணம் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். ‘கேள்வி’ என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, வழக்கறிஞரின் சொற்களை அவர் சொன்னபடியே இறக்கினேன். அடுத்த வரியில் ‘பதில்’ என்று அடித்துவிட்டு விரல்களை விசைப்பலகை மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். கூண்டில் நின்றவர் கைப்பிடிச் சட்டத்தைத் தடவியபடி இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.